நைட்டுக்கு வூட்ல இன்னா?

கஸ்தூரி அக்கா போய்விட்டார். இன்று காலை. மாரடைப்பு.

நான் வேலை பார்க்கும் ஸ்கூலில் பி.டி. டீச்சர். தாம்பரம் பக்கத்தில் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி. அங்கே படித்தவர்கள் யாராவது இந்த ஃபிரெண்ட்ஸ் லிஸ்டில் இருந்தால் அந்த விசில் சத்தம் ஞாபகம் இருக்கும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். காலையில் ஹெச்.எம். நம்பரைப் பார்த்ததுமே பயந்துவிட்டேன். "கஸ்தூரி மிஸ் தவறிட்டாங்கம்மா" என்றார். ஒரு விநாடி... ஒரே ஒரு விநாடி... எனக்கு 'அப்பாடா' என்றிருந்தது.

நான் வேறு ஒரு பெயருக்குப் பயந்துகொண்டிருந்தேன்.

அக்காவின் அம்மா கோவளத்தில் மீன் விற்றவர். அந்தக் குரல் அப்படியே மகளுக்கு. பிரேயரில் மைக் ரிப்பேர் என்றால் யாரும் கவலைப்பட மாட்டோம். ஆனால் அக்கா ஒரு பிள்ளை மேல் கை ஓங்கி நான் பார்த்ததில்லை.

நான் நேர்மாறு. கணக்கு டீச்சர். ஐம்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கும்போது தினமும் உள்ளுக்குள் உதறல்தான். பயம் வந்தால் எனக்கு வாய் நீளும்.

அக்காவுக்கு ஒரு பழக்கம். அன்றைக்கு யார் யார் திட்டு வாங்கினார்கள் என்று ஸ்டாஃப் ரூமிலேயே விசாரித்து வைத்துக்கொள்வார். கடைசி பெல் அடித்ததும் கேட்டில் போய் நிற்பார். திட்டு வாங்கிய பிள்ளை வந்தால் மறித்து ஒரே கேள்வி.

"நைட்டுக்கு வூட்ல இன்னாடி?"

"தோசை மிஸ்."

"போ."

"நேத்து வெச்ச சாம்பார் மிஸ்."

"ஐயோ பாவம். செரி, போ போ."

பதில் சொல்லாத பிள்ளையை விட மாட்டார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிடுவார். வீட்டில் இருந்து ஆள் வரும்வரை அவரும் கிளம்ப மாட்டார்.

வந்த புதிதில் நான் சிரித்தேன். "என்னக்கா, டெய்லி மெனு விசாரணையா?"

"சிரி மேத்ஸு, சிரி." என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "நைட்டு துன்றத பத்தி யோசிக்கிற பொண்ணு வூட்டுக்குப் போய்ச் சேர்ந்துடும். வாயத் தொறக்காத பொண்ணு எங்க போவும்னு நமக்குத் தெரியாது."

பிறகுதான் சொன்னார். பழைய ஸ்கூலில் ஒரு பிள்ளை. அக்காவே திட்டியது. சாயங்காலம் வீடு போய்ச் சேரவில்லை. தேடிக்கொண்டு போனால், ஸ்டேஷனில் பிளாட்பாரத்தின் கடைக்கோடியில் தனியாக நிற்கிறாள். "நா மட்டும் ரெண்டு நிமிஷம் லேட்டா போயிருந்தா..." அந்தப் பேச்சை அக்கா ஒருமுறைகூட முடித்ததில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை அக்கா லீவு. 'கேஸ் டிரபுள், நெஞ்சை அடைக்குது' என்று குரூப்பில் மெசேஜ். எல்லாரும் ஆளுக்கு ஒரு 'டேக் கேர்' போட்டுவிட்டு கிளாசுக்குப் போய்விட்டோம்.

எனக்குக் கடைசி பீரியட் ஒன்பதாம் வகுப்பு. பவித்ரா என்று வைத்துக்கொள்ளுங்கள், நிஜப் பெயர் வேண்டாம். டிபன் பையில் போனை ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறாள். நான் போர்டில் எழுதும்போது என் முதுகுக்குப் பின்னால் என்னைப் போலவே நடந்து காட்டி ரீல்ஸ் எடுக்கிறாள். கிளாஸே சிரிக்கிறது.

போனைப் பிடுங்கினேன். என்னென்னவோ கத்தினேன். கடைசியாகச் சொன்னது மட்டும் காதிலேயே நிற்கிறது. "இனிமே என் மூஞ்சியிலேயே முழிக்காத."

அவள் அழவில்லை. எதிர்த்தும் பேசவில்லை. பெல் அடித்தது, பையை எடுத்தாள், போனாள். கேட்டில் யாரும் இல்லை. மாடியில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இறங்கிப் போகவில்லை. அவ்வளவு கோபம் எனக்கு.

ஆறு மணிக்கு அக்காவிடமிருந்து போன். மூச்சு வாங்குகிறது. "இன்னா மேத்ஸு, இன்னிக்கு யாரையாச்சும் திட்னியா?"

"பவித்ராவத்தான்க்கா. ஒன்பதாவது."

"கேட்ல நின்னு கேட்டியா?"

"கேட்டேன்க்கா."

"இன்னா சொன்னா?"

"உப்புமாவாம்."

"உப்புமாவா! ஐயோ பாவம்... செரி, போய்ச் சேர்ந்துடும்."

வைத்துவிட்டார். அவரோடு நான் கடைசியாகப் பேசியது அந்தப் பொய்தான்.

அதற்கப்புறம்தான் பயம் பிடித்தது. கிளாஸ் லிஸ்டைத் தேடி அவள் அம்மா நம்பருக்கு அடித்தேன். மணி என் ஹேண்ட்பேகுக்குள், நான் பிடுங்கிய போனில் அடித்தது... வீட்டுக்கே அது ஒரு போன்தான்.

அவர்களுக்கு முடிச்சூரில் வாடகை வீடு என்று மட்டும் தெரியும். எந்தத் தெரு என்று தெரியாது. அக்காவிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நெஞ்சுவலியோடு ஆட்டோ பிடித்துத் தேடக் கிளம்பியிருப்பார். ஹெச்.எம்.மிடம் சொல்லவும் பயம். எனக்கு என்ன ஆகும் என்று மட்டும் யோசித்தேன், சீ.

சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் பிளாட்பாரம். விடிந்ததும் ஹெச்.எம். நம்பர்.

மதியம் அக்கா வீட்டுக்குப் போனேன். தெரு முழுக்க யூனிஃபார்ம். லீவு நாளில் யாரும் சொல்லாமலே போட்டு வந்திருந்தார்கள். விசில் இல்லாமலே பிரேயர் வரிசை.

எல்லாரும் அக்காவைப் பார்த்து அழுதார்கள். நான் வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். அவள் இல்லை.

வெளியே வந்து கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மிஸ்..."

அவள்தான். அம்மாவோடு அப்போதுதான் வந்து நிற்கிறாள். போனை மட்டும் எடுத்து அவள் அம்மாவிடம் கொடுத்தேன். பவித்ரா என் முகத்தையே பார்த்தாள்.

"நைட்டுக்கு உங்க வூட்ல இன்னா மிஸ்?"

வாய் திறக்க முடியவில்லை. அவளும் நகரவில்லை. வழியை மறித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"உப்புமா" என்றேன்.

"ஐயோ பாவம்" என்றாள். அழுதுகொண்டே.

திங்கட்கிழமை கேட்டில் யார் நிற்பது என்று ஹெச்.எம். குரூப்பில் கேட்டிருக்கிறார். 'நான்' என்று போட்டுவிட்டேன்.

அக்கா, நேற்று நான் கேட்கவே இல்லை. பொய் சொன்னேன்.

புள்ள வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டாக்கா. நீங்க தூங்குங்க.