அடுத்த ஆள் உள்ளே போனபோது

மலாக்காவில், காஜா பேராங்கில் என் பக்கத்து வீட்டு மீனாட்சியக்கா தினமும் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு மாரியம்மனிடம் மலாயில் முறையிடுவாள். ஊரிலிருந்து வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வரும். மலாக்காச் செட்டிகள் பல தலைமுறைக்கு முன் இங்கே வந்தவர்கள். சாமியை வைத்துக்கொண்டு பேச்சை விட்டுவிட்டார்கள். நேற்று வந்த நானோ பேச்சை வைத்துக்கொண்டு கோவில் பக்கமே தலைகாட்டுவதில்லை. இதில் யாரை யார் கேலி செய்வது? அவள் என்னை 'அடிக்' என்பாள், மலாயில் தம்பி.

எனக்கு ஆஸ்பத்திரியில் வேலை, ஆப்பரேஷன் அறை உதவியாள். ஒருவருக்கு முடிந்து அவர் முன்வாசல் வழியாக வார்டுக்குப் போனபின்தான் தரை கழுவுவோம், கத்திகளைக் கொதிக்கவைப்போம். வெள்ளைக்கார டாக்டர் ஆற அமரத் தேநீர் குடிப்பார். பிறகு நான் போய் அடுத்தவரைத் தள்ளிக்கொண்டு வருவேன். கடைசியில் இருப்பவர்களுக்குப் பொழுது பத்தாது. அக்காவின் புருஷன் வயிற்றுப் புண்ணோடு இரண்டு முறை ஆப்பரேஷனுக்காகப் பட்டினி கிடந்துவிட்டு, முறை வராமல் திரும்பி வந்தார்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம் வெள்ளைக்கார டாக்டர் கப்பலேறினார். பினாங்கிலிருந்து வந்த சீன டாக்டருக்கு இந்த இடைவேளையே பிடிக்கவில்லை. ஒருவர் மேசையில் இருக்கும்போதே இன்னொரு தட்டுக் கத்திகள் கொதிக்க வேண்டும். தையல் போடத் தொடங்கியதும் நான் அடுத்தவரைக் கூட்டிவரப் போக வேண்டும். வண்டிகள் முட்டிக்கொள்ளாமலிருக்க முடிந்தவர் பின்வாசலால் வெளியேற வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். காத்துக் கிடந்தவர்களுக்கெல்லாம் முறை வந்தது. "இந்தத் தடவை அண்ணனைத் திருப்பி அனுப்பமாட்டாங்க" என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அண்ணனுக்கு ஆப்பரேஷன் நடந்த அன்று அவள் முன்வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே தையல் தொடங்கியதும் நான் வார்டுக்குப் போனேன். அடுத்தவர் உஜோங் பாசிர் மீனவர், போர்த்துகீசிய வம்சம். அவரைத் தயார்செய்து தள்ளிக்கொண்டு வரச் சற்றுத் தாமதமானது. வண்டியைக் கண்டதும் அக்கா எழுந்துவிட்டாள். முன்பு இரண்டு தடவையும் அதே பெஞ்சில் காத்திருந்து பழைய வழக்கத்தை மனப்பாடம் செய்தவள் அவள். வெளியே வருவது இப்போது பின்வாசலால் என்று மட்டும் நான் சொல்லியிருந்தேன். அடுத்த ஆள் உள்ளே போனால், முன்னால் போனவர் பிழைத்து வார்டுக்குப் போய்விட்டார் என்று அர்த்தம்.

"சூடா, அடிக்?" முடிந்ததா என்று கேட்டாள்.

"சூடா, அக்கா. பாயிக்." முடிந்தது, நன்றாக இருக்கிறார் என்றேன். நானும் அப்படித்தான் நம்பினேன்.

முகம் மலர்ந்து, மடியிலிருந்த திருநீற்றை எடுத்து அந்தக் கிறிஸ்தவ மீனவரின் நெற்றியில் பூசிவிட்டாள். அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

உள்ளே மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது. நர்ஸ் மிஸ்ஸி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தச் செட்டி தவறிட்டாருண்ணே. தையல் போடுறப்பவே நெஞ்சு நின்னு போச்சு. பின்பக்கமா கொண்டு போயிட்டாங்க" என்றாள்.

கதவுக்கு அப்பால் அக்கா இன்னும் சிரித்துக்கொண்டிருப்பாள். முன்பெல்லாம் இறந்தவருக்கு முகம் துடைத்து, தாடை கட்டி, வீட்டாருக்குக் காட்டிய பிறகுதான் சவக்கிடங்கு. அவளோ புருஷன் முகத்தை அந்தக் கிடங்கில்தான் பார்த்தாள், வாய் திறந்தபடி. இனியாவது முகம் பார்க்கக் கொஞ்ச நேரம் விடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "அடையாளம் காட்டவா? காலில் பெயர்ச்சீட்டு கட்டியிருக்கிறதே" என்றார். நல்ல மனுஷர்தான். மீனவர் பிழைத்துக்கொண்டார். பழைய வழக்கமாக இருந்தால் அன்று அவருக்கு முறையே வந்திருக்காது.

மழைக்காலத்தில் ஊரிலிருந்து அம்மா இறந்த செய்தி வந்தது. அதற்குள் அங்கே காரியமெல்லாம் முடிந்திருந்தது. அழுதுகொண்டிருந்த என்னிடம் அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: முகம் பார்த்தாயா? இல்லையென்று தலையாட்டினேன். அவள் என்னைக் குறை சொல்லவேயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தானும் அழுதாள்.

பொங்கலுக்கு முந்தின நாள் செட்டி வீடுகளில் இறந்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள், பார்ச்சு என்பார்கள். புருஷனின் இலைக்குப் பக்கத்தில் அக்கா இன்னொரு இலையை விரித்து, "இது உன் அம்மாவுக்கு" என்றாள். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், புளித்த இறால் விழுது சேர்த்த சம்பால் பிலாச்சான். பிலாச்சான் வாடையே அறியாதவள் என் அம்மா. அக்கா கைகூப்பி மலாயில் அவளைச் சாப்பிட அழைத்தாள். அம்மாவுக்குப் புரியாதே என்று, நான் பக்கத்தில் நின்று அதைத் தமிழில் திருப்பிச் சொன்னேன்.