விருந்தாளிக்கு வாங்கிய தயிர்

கிளினிக்கில் இருந்த டொக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அடுத்த முறையும் ரத்தத்தில சீனி இப்பிடியே நிண்டா ஊசிதான் அம்மா. ஒவ்வொரு நாளும் வயித்தில நீங்களே போட வேணும்" என்றார்.

எனக்கு ஊசியென்றால் உயிர் போகும். அதனால்தான் டயட். அழகு கிழகுக்கெல்லாம் இல்லை.

காத்தான்குடியில் இருக்கும் என் கூட்டாளிக்கும் அதே சீனி வருத்தம், அதே கிளினிக். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர்கள். சேர்ந்து சாமான் வாங்கப் போவோம், ஒருத்தி கெட்டதைத் தொட்டால் மற்றவள் கையைத் தட்டிவிட வேண்டும் என்று அவள்தான் யோசனை சொன்னாள். நல்ல யோசனை என்று நானும் நம்பினேன்.

கடைக்குள் முதலில் ஒழுங்காகத்தான் இருந்தோம். குரக்கன் மா, சிவப்பரிசி, கௌபிப் பயறு எல்லாம் ட்ரொலியில் போட்டோம். நான் கிறீம் பிஸ்கட்டை எடுத்ததும் அவள் பறித்துத் திரும்ப வைத்தாள்.

"ஊசி வேணுமா உனக்கு?"

வைத்தவள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"ஏன் புள்ள, உன்ட ஊட்டுக்கு ஆரும் வந்தா என்ன குடுப்பாய்?"

"தேத்தண்ணி."

"வெறும் தேத்தண்ணியா? இல்லாட்டி கௌபிய அவிச்சி வெப்பியா? மையத்து ஊட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்கா."

செத்த வீடு என்ற பேர் என் வீட்டுக்கு வேண்டாம். எங்கள் பக்கத்தில் வந்தவருக்கு வைக்க ஒன்றுமில்லாத வீட்டை ஊரே கிழித்துத் தொங்கப்போடும். பிஸ்கட் ட்ரொலிக்குள் ஏறியது.

நானும் விடவில்லை. "உனக்குத்தான் ஆக்கள் கூட. நீ என்ன குடுப்பாய்?" என்றேன். அவளுக்கு மஸ்கட் அல்வா ஏறியது. பிறகு கேக், தயிரில் ஊற்றித் தின்னக் கித்துள் பாணி. குரக்கன் மா அடியில் எங்கேயோ புதைந்துபோனது. வெளியே வந்தால் தெருவோரத்தில் எருமைத் தயிர். பாணி வாங்கிவிட்டுத் தயிர் வாங்காமல் போக இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. எனக்கு ஒரு மண்முட்டி நிறைய வாங்கினோம். எல்லாம் விருந்தாளிக்கு.

வீட்டுக்கு வந்து குரக்கன் பிட்டைத் தின்றுகொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாய்கூட வரவில்லை. நான் பாயில் சரிந்த நேரமாகப் பார்த்து வந்து கூப்பிடுகிற சனம், தயிர் வாங்கி வைத்ததும் எங்கே செத்ததோ தெரியாது. புளிக்கப் போகிறதே என்று அவளுக்குப் போன் எடுத்தேன்.

"ஆரும் வந்தாங்களா?"

"ஒரு குருவியும் இல்ல. மஸ்கட் கிடந்து பாழாப் போகுது."

"அப்ப நீ வாவன்."

"விருந்தாளியாவா?"

"வேறென்ன, வீடு கூட்டவா? வா!"

வந்தாள். நல்ல சாரி, அத்தர் வாசம். வெறுங்கையோடு வரக் கூடாதாம், மஸ்கட் முழுவதையும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தயிரை வைத்துப் பாணியை ஊற்றினேன். அவள் தொடவில்லை.

"நீயும் போடு. வந்தவள் தனியத் திங்கிறதா? என்ன மரியாதை இது?"

மரியாதை என்று வந்துவிட்டால் நான் என்ன செய்ய? போட்டேன். முட்டியின் அடி தெரிந்தது. போகும்போது, "நீ திரும்பி வராட்டி எனக்குக் குறையாப் போகும்" என்றாள். போனேன். அங்கே கேக் இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் விருந்தாளிப் பஞ்சமே இல்லை.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் முதன்முதலாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா சாப்பிட்டீங்க?"

"குரக்கன்."

"ஓம் டொக்டர்," என்றாள் பின்னால் நின்றவள். "நானும் குரக்கன்தான்."

இரண்டு பேருக்கும் ஊசி எழுதினார். தாதி போடக் காட்டித் தந்தார். நான் ஊசியைத் தாதியிடமே திருப்பி நீட்டினேன். "கண்ண மூடுகா" என்று சொல்லி என் கூட்டாளியே ஊசியை வாங்கினாள். மூடிக்கொண்டு கத்துவதற்குத் தயாராக நின்றேன்.

"முடிஞ்சுது" என்றாள்.

நுளம்பு கடித்த அளவுக்குக்கூட வலிக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இதுக்குப் பயந்தா அந்தக் குரக்கன் பிட்டையெல்லாம் தின்றேன்?