எந்தம்பிக்கு மாப்ள பாத்தாங்க

எனக்கு ஒரு தம்பி. பொறக்கும்போது தங்கச்சியா பொறந்தான். வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து "நான் ஆம்பள"ன்னு சொல்லிக்கினு இருந்தான், நானும் தம்பின்னே கூப்புட்டு பழகிட்டேன். சொந்தக்காரங்க கூப்புடல. நாக்கு சுளுக்கிக்குமாம். ரேஷன் கடக்காரன அய்யா, சாமின்னு கூப்புட மட்டும் அதே நாக்கு நல்லா வளையும்.

இப்ப என் பேரன கள்ளக்குறிச்சியில காட்னப்ப டாக்டரம்மா ஆட்டிசம்னு சொன்னாங்க. மூஞ்சப் பாத்து பேச மாட்டான், சத்தம் ஆவாது, ஒரே மாதிரி சோறு தான் எறங்கும்னு அந்தம்மா ஒண்ணொண்ணா சொல்லச் சொல்ல, இவங்க எந்தம்பிய எங்க பாத்தாங்கன்னு எனக்கு ஒரே யோசன. எங்க காலத்துல அதுக்குப் பேரே கெடையாது. ஆனா வைத்தியத்துக்கு இன்னா கொறச்சல்? மலையேறி கரியாலூர் வரைக்கும் போயி வேர் வாங்கியாந்து கையில கட்டுனாங்க. அரிக்குதுன்னு தம்பி அத அவுத்து ஆட்டுக்குப் போட்டான். ஆடு நல்லாத்தான் இருந்திச்சி.

எங்க மணலூர்பேட்ட பக்கம் கரும்பு ஜாஸ்தி. அதோட எல, சோகை, கைய அறுத்துடும்னு, கரும்பு வெட்டற பொம்பளைங்க பொடவ மேல ஆம்பள சட்ட போட்டுக்குவாங்க. தம்பியும் அப்டித்தான் போட்டான். சாயங்காலம் மத்தவங்க கழட்டிட்டாங்க, அவன் கழட்டல. வருஷக்கணக்கா கழட்டல. "பொடவ ஒடம்புல அரிக்குதா, இல்ல ஆம்பளன்னு சொல்றியே அதுக்காவயா?"ன்னு எங்கம்மா கேட்டாங்க. "ரெண்டும்"னான். அவ்ளோ தான் பதிலு.

இன்னொண்ணு, அவனுக்கு பொய் வராது. சொல்லிக் குடுத்தாலும் வராது. விருந்தாளி வந்தா "எப்ப போவீங்க?"ன்னு கேட்டுடுவான். எங்கம்மாவோட தம்பி, எங்க மாமா, அவுருக்கும் பக்கத்து நெலத்துக்காரருக்கும் வரப்புத் தகராறு வந்தப்ப பஞ்சாயத்துல இவனத்தான் கூப்புட்டுக் கேட்டாங்க. "வரப்ப வெட்டிக் குறுக்குனது அவுரு"ன்னு நெலத்துக்காரர கை காட்னான். பஞ்சாயத்து அதோட எழுந்திரிச்சிடுச்சி. "இந்தப் புள்ள வாயில பொய்யே வராதுப்பா"ன்னு மாமா ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சாரு. வரப்பு அவுருக்குக் கெடச்சிடுச்சே!

எட ஒதுக்கீடு கேட்டு எங்க ஆளுங்க ரோட்ட மறிச்ச வருஷம் அந்த மாமா தான் எங்கூருக்குத் தலைவரு. "நமக்கு இன்னா வேணும்னு நம்மள யாராச்சும் ஒரு வார்த்த கேட்டாங்களா? எவனோ முடிவு பண்றதுக்கு நாம இன்னா ஆடா மாடா?"ன்னு பேசுவாரு. எல்லாரும் கை தட்டுவாங்க. நானும் தட்டுவேன். பேசி முடிச்சி எறங்கி நேரா எங்க வூட்டுக்கு வந்தாரு.

"அக்கா, ஒம்பொண்ணுக்கு தியாகதுருகத்துல மாப்ள முடிச்சிட்டேன். பொண்டாட்டி செத்துப்போனவரு, நல்ல மனுசன். கால்கட்டு போட்டா எல்லாம் தெளிஞ்சிடும்."

"அவள ஒரு வார்த்த கேக்கலயேடா?"

"அவள இன்னாத்த கேக்கறது?"

தம்பிக்கு அப்ப முப்பது வயசு நெருங்கிடுச்சி. வேணாம் வேணாம்னு வாசல்ல நின்னு சொல்லிக்கினே இருந்தான். அவன் எதையும் திருப்பித் திருப்பித் தானே சொல்லுவான்னு யாரும் காதுல வாங்கல.

முகூர்த்தத்துக்கு மொத நாளு மறியல் ஆரம்பிச்சிடுச்சி. மாமாவே ஆளுங்கள கூட்டிக்கினு போயி ரோட்டோரப் புளியமரத்த வெட்டிக் குறுக்கால சாய்ச்சாரு. மாப்ள வூட்டு வேன் வர்றதும் அதே ரோடு தான்னு மரம் வுழுந்தப்பறம் தான் அவுருக்குத் தோணிச்சி. எடுக்கச் சொல்ல முடியுமா? தலைவராச்சே.

அவங்க வேன மரத்துக்கு அந்தாண்ட வுட்டுட்டு கரும்புக் கொல்லைக்குள்ள பூந்து நடந்து வந்தாங்க. மாப்ளைக்கு முட்டி வரைக்கும் சேறு, மூஞ்செல்லாம் சோகை கீறுன கோடு. மணையில உக்காந்ததும் "மொதல்ல தண்ணி குடுங்க"ன்னாரு.

உள்ள தம்பிக்கு பட்டுப்பொடவய சுத்திட்டாங்க. அவன் அதும்மேலயே சட்டய மாட்டிக்கினான். மேளம் அடிச்சாங்க பாரு, காதப் பொத்திக்கினு சொவத்துல தலய முட்ட ஆரம்பிச்சிட்டான். இவன அனுப்புனா ஒண்ணு கெணத்துல வுழுவான், இல்ல அங்க ஒரு ரூமுல கட்டிப் போடுவாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிப்போச்சி. ஓடிப்போயி மேளக்காரரு கையப் புடிச்சி நிறுத்துனேன்.

சத்தம் நின்னதும் தம்பி வெளிய வந்தான். மாப்ள மூஞ்சப் பாக்கல, முட்டியில இருந்த சேத்தப் பாத்துக்கினே சொன்னான்.

"நான் ஆம்பள. என்னத் தொட்டா எனக்கு ஆவாது. நீ வேணாம். யாரும் வேணாம். தண்ணி அந்தப் பானையில இருக்குது."

"ஒளறுதுங்க மாப்ள! அத்தினியும் பொய்யி!"ன்னு மாமா குதிச்சாரு.

தம்பி அவுரு பக்கம் திரும்புனான். "வரப்பு சொன்னப்ப நெஜம்னு சொன்னீங்க மாமா."

பஞ்சாயத்துல உக்காந்த பெருசு ஒருத்தரு தொண்டயக் கனைச்சிக்கினு, "அந்தப் புள்ளைக்குப் பொய் வராதேப்பா"ன்னு இழுத்தாரு. சாப்பாட்டுக்கு வந்திருந்த அந்த நெலத்துக்காரரு இருக்காரே, அவுரு மூஞ்சியில ஒரு வெளிச்சம். "பொய்யின்னா பொய்யின்னே சொல்லிடுங்க தலைவரே. நாளைக்கே வரப்ப பழையபடி நகத்திப் போட்டுக்கறேன்."

மாமா வாயத் தொறந்தாரு, மூடுனாரு. மைக்கு இல்லாமலே ஊரக் கூட்டற வாயி. ஒரு பக்கம் அக்கா மவ, ஒரு பக்கம் வரப்பு. நெலத்த வுட மனசு வருமா? நைசா பந்தக்காலுக்கு அந்தாண்ட போயி நின்னுக்கினாரு.

எங்கம்மா தட்டுல இருந்த தாலிய எடுத்து முந்தியில முடிஞ்சிக்கினாங்க. "எம்புள்ள சொல்றது எனக்குப் பாதி வெளங்கல. வேணாம்ன்றது வெளங்குது. எல்லாரும் சாப்புட்டுப் போங்க."

மாப்ள பெருமூச்சு வுட்டாரு. "எனக்கு மட்டும் ஆசையா இன்னா? எங்கக்காங்க இழுத்தாந்துட்டாங்கம்மா"ன்னு மொத எலையில உக்காந்துட்டாரு. ஆனா போவறது எப்டி? மரம் கெடக்குதே. மறியல் முடியற வரைக்கும் எங்க வூட்டுலயே தின்னுக்கினு கெடந்தாங்க. பட்டுப்பொடவ பொட்டிக்குள்ள போயிடுச்சி. தம்பி சட்டயோட கரும்பு வெட்டப் போனான். கல்யாணப் பேச்ச அதுக்கப்பறம் யாரும் எடுக்கல.

மாமா சும்மா இருப்பாரா? "போராட்டத்துக்காவ அக்கா மவ கல்யாணத்தையே தியாகம் பண்ணவன்யா நானு!"ன்னு டீக்கடயில அளந்துக்கினு இருந்தாரு. பன்னு வாங்க வந்த தம்பி, "இல்ல மாமா, நான் வேணாம்னு சொன்னேன்"னுட்டு பன்ன எடுத்துக்கினு போயிட்டான்.

அதுக்கப்பறமும் மாமா அந்தக் கதைய வுடல. ஆனா ஆரம்பிக்கறதுக்கு முன்னால எழுந்திரிச்சி ரோட்ட இந்தாண்ட அந்தாண்ட ஒரு தரம் பாத்துக்குவாரு.