தூரம் எட்டாத போன்

அம்மா காலில் மாவுக்கட்டோடு மாடி அறையில் படுத்திருந்த சமயம் அது. போன் கீழே ஹாலில் இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து சித்தி கூப்பிட்டால் அம்மாவால் இறங்கிவர முடியாது. பேச ஆளில்லாமல் அவள் வாடிப்போவதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அப்பா ரயில்வேயில் ஓய்வுபெற்றவர். சமைப்பார், தட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைப்பார். பேச்சு மட்டும் என் வழியாகத்தான். அம்மா எதிரிலேயே இருப்பாள். "உங்கம்மாவை மாத்திரை போட்டுக்கச் சொல்லு" என்பார். நான் பிறப்பதற்கு முன் யார் வழியாகப் பேசினாரோ! நான் கல்லூரிக்குப் போய்விட்டால் வீட்டில் மௌன விரதம்தான்.

ஒரு சனிக்கிழமை தேவராஜ மொஹல்லா கடைத்தெருவிலிருந்து இரண்டு கார்ட்லெஸ் போன்களோடு வந்தார். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. கடைக்காரர் தெரிந்தவர், சோதித்துவிட்டு ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றிருந்தார்.

டயல் டோன் எதுவரை கேட்கிறது என்று பார்க்க, நீள ஏரியல் வைத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்பா தெருவில் நடந்தார். "லைன்னல்லி யாரு சார்?" என்று லைனில் யார் என்பதை இளநீர்க்காரர் கன்னடத்தில் கேட்க, "யாரூ இல்லா!" என்று, யாருமே இல்லாததைப் பெருமையாகச் சொன்னார். தெருமுனை தாண்டியும் டோன் அறுபடவில்லை. இன்னொன்று எங்கள் வீட்டு கேட்டிலேயே அடங்கிவிட்டது. ஆனால் கீழே ஹாலில் அதை வைக்கும் அடிப்பெட்டியில் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் வீட்டுக்குள்ளேயே கீழிருந்து மாடிக்குப் பேசலாம்.

அதையும் சோதிக்க வேண்டுமே. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே அப்பா பொத்தானை அழுத்தினார்.

"ஹலோ, கேக்குதா?"

"கேக்குதுங்க."

அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. பிறகு, "வலி எப்படி இருக்கு? ராத்திரி தூங்கினியா?"

அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அப்பா மேலே வந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏரியல் நீளமா இருக்கே, அதையே வெச்சுக்கலாம்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"மத்தது இருக்கட்டும்" என்றாள் அம்மா.

"அதுல தூரம் வராதேன்னு சொல்லு."

"வராட்டிப் போகுது. அதுலதான் நீங்க எங்கிட்ட பேசறீங்க."

அப்பா ஏரியல் போனை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது, கழற்றும் சத்தமும் கேட்டது. அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் போன் அடித்தது.

"போயிட்டு வரேன்" என்றார்.