ஸ்டெல்லா டீச்சர் முழு ஆட்டமும் பார்த்த நாள்

காலை வழிபாடு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஆவூரிலிருந்து அருள் சார் அழைத்தார். "டீச்சர், ஸ்டெல்லா போயிட்டா. தூக்கத்துலயே. மாரடைப்புன்னு சொல்றாங்க." அவர் மனைவி ஸ்டெல்லா, கீரனூரில் எங்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை. முந்தின நாள் மாலை மைதானத்தில் கபடிக் கோடு போட்டுவிட்டுப் போனவர். "வாரேங்க சார்" என்றேன்.

அவரை அறிந்த உங்களில் பலருக்கு அவருடைய வேகம் தெரியும். எவ்வளவு வலியோடு ஓடினார் என்பது சிலருக்கே தெரியும். சிறுநீர்ப்பை கொஞ்சம் நிரம்பினாலே அடிவயிறு தீயாய் எரியும். போய் வந்தால் சற்று அடங்கும், மறுபடி தொடங்கும். பரிசோதனையில் கிருமி எதுவும் இருக்காது. "எல்லாம் மனசுதாம்மா" என்று ஒரு மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். பேருந்தில் உட்காரப் பயந்து, தான் பழக்கிய அணியை வேறு ஆசிரியரோடு வெளியூர்ப் போட்டிகளுக்கு அனுப்பிவிட்டு, ஃபோனில் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னிலையிலும், "எனக்கு மூத்திரப்பையில வலிங்க. இதுல என்ன வெக்கம்?" என்று போட்டு உடைத்தார். அதன்பிறகுதான் என் தங்கைக்கு வைத்தியம் பார்த்த திருச்சி மருத்துவரிடம் அவரை அழைத்துப் போனேன். அந்த அம்மா உள்ளே குழாய்க் கருவி விட்டுப் பார்த்தார். நாள்பட்ட சிறுநீர்ப்பை வலி நோய், கற்பனை இல்லை என்றார். வெளியே வந்ததும் ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இதுக்கு ஒரு பேரு இருக்குங்க டீச்சர்!"

உணவுக் கட்டுப்பாடு, மாத்திரை, பைக்குள் மருந்து செலுத்துவது எல்லாம் பார்த்தாயிற்று. வலி விடவில்லை. கடைசியில் பொட்டுலினம் ஊசி என்றார் மருத்துவர். கெட்டுப்போன உணவில் உண்டாகும் நச்சு. அதைச் சுத்திகரித்து, மிகச் சிறிய அளவில், பையின் சுவரில் பல இடங்களில் போடுவார்கள். அருள் சார் வெலவெலத்துப் போனார். "விஷத்தையாங்க உள்ள போடப் போறீங்க?" ஸ்டெல்லா சிரித்தார். "சினிமாக்காரங்க மொகச் சுருக்கத்துக்குப் போடுறதுதாங்க. அவங்களுக்கு மொகம், எனக்கு மூத்திரப்பை!"

மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. எல்லோருக்கும் பலன் தராது. தந்தாலும் சில மாதங்கள்தான். சிறுநீர் சரியாகப் பிரியாமலும் போகலாம். முதல் ஊசிக்குப்பின் அப்படித்தான் ஆனது. சில வாரங்கள் மெல்லிய குழாயை ஸ்டெல்லாவே வைத்துச் சிறுநீரை வெளியேற்றினார். அந்த நாட்களில்தான் ஒரு மதியம் பாதி வகுப்பில் என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, "டீச்சர், எரியலைங்க! காலையிலேர்ந்து எரியலை!" என்று கிசுகிசுத்தார். நான் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொண்டேன்.

வலி மெல்லத் திரும்பியபோதும் கலங்கவில்லை. "சார்ஜ் எறங்கிருச்சுங்க, போட்டுட்டு வந்துர்றேன்" என்று கிளம்பினார். இரண்டாம் ஊசிக்குப்பின் பலன் இன்னும் நன்றாக இருந்தது.

அந்த ஆண்டு அரிமளத்தில் போட்டி. அணியோடு அவரே போனார், துணைக்கு நானும். இறுதி ஆட்டத்தில் ஒருமுறைகூட அவர் கழிவறைக்கு எழுந்து போகவில்லை. ஆட்டம் சமநிலையில் நின்றது. கடைசியாகப் பாடிப்போன எங்கள் பெண்ணை நான்கு பேர் மடக்கிவிட்டார்கள். ஸ்டெல்லா எல்லைக்கோட்டின் ஓரமாகவே ஓடினார். "கை நீட்டு! கோட்டத் தொடு! கோட்டத் தொடுடி!" விரல் நுனி நடுக்கோட்டில் பட்டது. மைதானமே எழுந்து கத்தியது. அவரைத் தூக்க ஓடிவந்த பெண்கள், பக்கத்தில் வந்ததும் தயங்கி நின்றார்கள். வயிற்றில் கை பட்டால் டீச்சர் துடித்துப்போவார் என்று அவர்களுக்குத் தெரியும். ஸ்டெல்லா இரண்டு கைகளையும் விரித்தார்.

"என்னடி பாக்குறீங்க? இப்ப வலிக்காது. தூக்குங்கடி என்னய!"

தூக்கினார்கள். புழுதிக்கு மேலே, தலைகளுக்கு மேலே, வாய் கொள்ளாத சிரிப்போடு போனார். அடக்கத்தன்று ஆவூர் மாதா கோயில் வாசலில் அழுதுகொண்டு நின்ற எனக்கு அந்த உயரத்தில்தான் அவர் தெரிந்தார். என்னிடம் இருக்கிற ஸ்டெல்லா அவர்தான்.