நான் துவைத்த கொசுவலைகள்

எங்கள் லைன் வீடுகளுக்குக் கொடுத்த கொசுவலைகளைக் கெடுத்தவன் நான். அந்தப் பழி பக்கத்து வீட்டு மனோஜின் தலையில் விழுந்தபோது, வாயைத் திறக்காமல் நின்றவனும் நான்தான்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. நீங்கள் மன்னிப்பதால் எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். நாலு பேர் முன்னால் பேச வராதவன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

வேலம்பாளையத்தில் ஒரு வாஷிங் யூனிட்டில் எனக்கு வேலை. பனியன் துணியைச் சுடுதண்ணீரில் அலசி, சாஃப்ட்னர் போட்டு, டிரையரில் சுழற்றி எடுப்பேன். மொரமொரப்பாக வரும் துணி என் கையை விட்டுப் போகும்போது பூப்போல இருக்கும். புதுத் துணி எதுவானாலும் முதலில் ஒரு தண்ணீர் கண்டாக வேண்டும். எங்களுக்கு அது கைப்பழக்கம்.

மருத்துவக் கல்லூரி ஒன்றிலிருந்து ஆராய்ச்சிக்காக வந்து வீட்டுக்கு வீடு கொசுவலை கொடுத்தார்கள். வலை கட்டிப் படுக்கிற வீடுகளில் மலேரியா குறைகிறதா என்று பார்க்கப் போகிறார்களாம். வலையிலேயே மருந்து ஏற்றியிருக்கிறது, உட்காருகிற கொசு செத்துவிடும் என்று விளக்கினார்களாம். அப்போது நான் வேலையில் இருந்தேன். கேட்டு வந்து சொன்னவள் என் மனைவி சரசு.

மனோஜ் ஒடிசாக்காரன், டெய்லர். அவன் மனைவி சுனிதா அப்போது முழுகாமல் இருந்தாள். வலையைக் கட்டிய மறுநாளே அதைச் சுருட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள்.

“வாசம், அண்ணா... வாந்தி வருது.”

“கொண்டா கண்ணு. ஒரு அலசு அலசினா போயிரும்.”

சரசு தடுத்தாள். “நெழல்ல ஒரு நாள் காயப் போட்டாவே வாடை போயிருமாம். சுடுதண்ணி ஆகாதுன்னு வலை குடுத்த புள்ள படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சுங்க.”

“துணியப் பத்தி எனக்கே பாடமாக்கு?”

“ஊருக்கெல்லாம் ஊமை. என்ற கிட்ட மட்டும் வாய் வந்துருது.”

வரிசையில் எல்லா வீட்டு வலைகளையும் வாங்கிக்கொண்டு யூனிட்டுக்குப் போனேன். சலவைச் சோடா போட்டு, கொதிக்கக் கொதிக்க மெஷினில் ஓட்டினேன். சாஃப்ட்னரும் போட்டேன்... வாடை சுத்தமாகப் போய்விட்டது. எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக நாலு பேர் என்னைப் புகழ்ந்தார்கள். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது இனித்தது.

டிரையர் சூட்டில் வலைகள் சுருங்கியிருந்தன. பாய்க்கு அடியில் செருக எட்டவில்லை. துணி சுருங்குவதைப் பார்த்தே காலம் தள்ளியவனுக்கு அது கண்ணில் படாமலா இருக்கும்? பட்டது. சொல்லவில்லை.

சுனிதாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்து மலேரியா என்றார்கள்.

ஆராய்ச்சிக்காரப் பெண் விசாரிக்க வந்தாள். வரிசை முழுக்க வாசலில் கூடிவிட்டது. எங்களுடையதெல்லாம் ஒற்றை அறை. விடிந்ததும் வலையை மடித்துப் பரணில் போட்டுவிடுவோம். மனோஜ் வீட்டிலும் வலை கண்ணுக்குத் தெரியவில்லை. எங்களுக்கெல்லாம் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரம்மா அதைப் பிடித்துக்கொண்டார்.

“குடுத்த வலையக் கட்டறதுக்குக் கை வலிக்குதாக்கு இவீகளுக்கு. அவீக ஊர்ல இருந்து சீக்கக் கொண்டாந்து நம்ம புள்ளைகளுக்கும் ஒட்டி உட்டுருவாங்க. ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிப்போட்டனுங்க.”

“டெய்லி கட்டுது மேடம்,” என்றான் மனோஜ். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். “பக்கத்து ஊடு நீங்கதானுங்களே அண்ணா. இவங்க வலை கட்டறதப் பார்த்திருக்கீங்களா?”

பார்த்திருக்கிறேன். கதவைத் திறந்து வைத்து, ஆணியில் கயிறு மாட்டி, தினமும் கட்டுவார்கள். ஆமாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும்... கட்டியும் ஏன் காய்ச்சல் என்று. வலையை எடுத்துக் காட்டச் சொல்வார்கள், சுருங்கியதும் மருந்து போனதும் வெளிப்படும். அது என்னிடம் வந்து நிற்கும்.

“தெரியலீங்க,” என்றேன்.

கூச்ச சுபாவம் என்று எனக்காக நீங்கள் காரணம் தேட வேண்டாம். கூச்சக்காரனால் தலையாட்ட முடியும். எனக்குத் தலையாட்டவும் மனமில்லை.

அந்த வாரமே மனோஜும் சுனிதாவும் ஒடிசாவுக்குக் கிளம்பினார்கள். காய்ச்சல் விட்டும் விடாமலும், வயிற்றுப் பிள்ளையோடு அவ்வளவு தூரம் ரயிலில். போகும்முன் சுனிதா தன் வலையை மடித்துக் கொண்டுவந்து சரசுவிடம் கொடுத்தாள்.

“அண்ணா தொவைச்சது. ரொம்ப மெத்துன்னு இருக்கு. வெச்சுக்கோங்க அக்கா.”

சரசு வாங்கிக்கொண்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்...

என் துவைப்பால்தான் அந்தக் காய்ச்சல் வந்ததா? வேலை செய்த இடத்தில் கடித்திருக்கலாம், வேறு எங்கேயோ கடித்திருக்கலாம். நிச்சயமாகத் தெரியாது. அந்தத் தெரியாமைக்குள் போய் ஒளிந்துகொள்ள நான் தயாராக இல்லை. துவைத்தது அறியாமை, அதற்காக யார் முன்னும் தலைகுனிய மாட்டேன். ‘தெரியலீங்க’ என்றது அறியாமை இல்லை. எங்கள் வரிசையைப் பற்றி அந்த ஆராய்ச்சியில் என்ன எழுதினார்களோ, அதற்குள் என் பொய்யும் உட்கார்ந்திருக்கிறது.

என்னைத் திட்டுங்கள். ஆனால் வீட்டுக்காரம்மா பேசியபோது வாசலில் நின்ற அத்தனை பேரின் வலையும் என் கையால் சுருங்கியதுதான். ஒருவரும் பேசவில்லை. நீங்கள் நின்றிருந்தால் பேசியிருப்பீர்களா?

பிறகு புது வலைகள் கொடுத்தார்கள். சரசுவும் பிள்ளைகளும் அதில் படுக்கிறார்கள். நான் சுனிதாவின் வலையைக் கட்டிக்கொள்கிறேன். கால் வெளியே நிற்கிறது. அந்தக் குழந்தை பிறந்ததா, என்ன ஆயிற்று, எனக்குத் தெரியாது. கொசு வந்து வலையில் உட்காருகிறது. சாவதில்லை.