அழுகை நின்ற பிறகு

செங்கல்பட்டில் ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு என்னைக் கடப்பாக்கத்து ஆரம்பப் பள்ளிக்குப் போட்டார்கள். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. ஒன்றாம் வகுப்பு என் பொறுப்பு. பாதிப் பிள்ளைகளிடம் சிலேட்டு கிடையாது. கடற்கரையிலிருந்து மணல் அள்ளி வந்து தரையில் பரப்பிவிடுவேன். விரலால் எழுதிப் பழகுவார்கள்.

அந்த வருஷம் மீனவர் குப்பத்திலிருந்து ஒரு பெண் குழந்தை சேர்ந்தது. அம்மா கையை விட்டால் போதும், அலறித் தீர்த்துவிடும். அந்த அம்மாவே சின்னப் பெண்தான்.

“நான் இப்டி ஓரமா குந்திக்கறேன் டீச்சர். அழுவை நின்னதும் போயிட்றேன்” என்று கதவருகே உட்கார்ந்தாள்.

நான் அ, ஆ என்று ஆரம்பிப்பதில்லை. எழுதச் சுலபமான ட, ப, ம முதலில். புள்ளி வைக்கவும் காட்டிவிட்டால் அன்றைக்கே ‘படம்’ என்று படித்துவிடுவார்கள். பிள்ளைகள் கத்திச் சொல்லும்போது கதவருகே அவள் உதடும் அசைவதைப் பார்த்தேன். மறுநாள் அவள் முன்னாலும் கொஞ்சம் மணலைப் பரப்பினேன். வெட்கப்பட்டாள். ஆனால் எழுதினாள்.

ஒரு காலை மூச்சிரைக்க ஓடி வந்தாள். “டீச்சர், பஸ்ஸு பலகையில நம்ம ஊரு பேரு எழுதிகீது! இவ்ளோ நாளா அதுலதான் போய்கினு வந்துகினு இருந்தேன்!”

அவளுடைய மகள் அப்போது ‘ட’வையே திருப்பிப் போட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

மழைக்காலத்துக்கு முன்பே குழந்தையின் அழுகை நின்றுவிட்டது. அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சிநேகிதிகளோடு போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாள் வாசலில் திடீரென்று வீறிட்டது. எட்டிப் பார்த்தேன். அம்மாதான் அதன் தொடையில் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா கிள்றே?”

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. “இவ அழலேன்னா எனக்கு இங்க இன்னா வேல டீச்சர்?”

குழந்தை அழாவிட்டாலும் நீ வா என்றேன். தலைமையாசிரியர் சம்மதிக்கவில்லை. “இது குழந்தைங்க வகுப்பும்மா. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தா நான் என்ன பதில் சொல்றது?” கெட்ட மனுஷர் இல்லை. ஓய்வுபெறும் வயதில் வம்பு எதற்கு என்று பயந்தார்.

சாயங்காலமாவது நான் தங்கியிருக்கும் அறைக்கு அனுப்புங்கள் என்று கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். மாமியார் மணலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள்.

“மீன யாரு காய வெக்கறது? சோறு யாரு ஆக்கறது? இவ படிச்சு கலெக்டரா ஆவப் போறாளா?”

வலை பின்னிக்கொண்டிருந்த புருஷன் தலை நிமிராமலே, “கொஞ்ச நேரம் போயிட்டு வரட்டுமே வுடும்மா” என்றான். அந்த ஒரு வார்த்தையில் சில சாயங்காலங்கள் கிடைத்தன. அடுப்புப் புகை வாசத்தோடு ஓடி வருவாள். விளக்கு வைப்பதற்குள் ஓடிவிடுவாள். கொம்பு எழுத்துகள் வரை வந்துவிட்டோம். கு, சு, து என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளையும் வரிசை மட்டும் பாக்கி. அதற்குள் அவளுக்கு அடுத்த பிள்ளை உண்டாகி, தலை தூக்க முடியாத வாந்தி. பிரசவம் ஆகட்டும் என்று காத்திருந்தேன். அது ஆவதற்குள் என்னை அச்சரப்பாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

நாலைந்து வருஷம் கழித்து அச்சரப்பாக்கம் சந்தையில், கருவாட்டுக் கூடையோடு அவளே என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டாள். மகள் அஞ்சாவது முடித்துவிட்டாளாம்.

“பேப்பரெல்லாம் கடகடன்னு படிக்கறா டீச்சர்.”

“நீ?”

“படிப்பேன். நடுவுல தெரியாத எழுத்து வந்துடும். அத்தோட வெச்சுடுவேன்.”

“பொண்ணையே கேட்டுக்கலாமே?”

“கேட்டேனே. ‘உனக்கு இன்னாத்துக்குமா இதெல்லாம்’னு சிரிக்கறா.” சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள்.

எனக்குச் சிரிக்க வரவில்லை. இன்னும் ஒரு மாதம் கிடைத்திருந்தால் அந்த ஒரு வரிசையும் முடிந்திருக்கும். என் அறை பக்கத்தில்தான் இருக்கிறது, வா என்றேன். வெயில் ஏறுவதற்குள் விற்றாக வேண்டும் என்றாள். “ஒரு கை புடி டீச்சர்” என்று குனிந்தாள். கூடையைத் தலையில் தூக்கிவிட்டேன். கூட்டத்துக்குள் குரல் கொடுத்துக்கொண்டே போய்விட்டாள்.